நோகாத கட்டி

நெடுந்தீவில் ஒரு பசுவின் மடி வீங்கினால் முதலில் ஆள் போவது இராசாத்தியக்காவிடம்தான். அவர் பார்த்துக் கைவிட்ட பிறகுதான் என்னிடம் வருவார்கள். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் என்பது என்னுடைய உத்தியோகம். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மாடு கன்று போட்டுவிடும் என்று ஊரார் அதை 'மாட்டு மிஸ்' என்று சுருக்கிவிட்டார்கள். எனக்குப் பிரியவதனி என்று ஒரு பெயர் இருப்பது சம்பளப் பட்டியலுக்கும் நாரந்தனையில் இருக்கும் என் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

எனக்குப் பொறாமை இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அதைவிட வயிற்றெரிச்சல், நான் அறை எடுத்துத் தங்கியிருந்ததும் அதே இராசாத்தியக்கா வீட்டில்தான். விடிய நான் பல் விளக்கிக்கொண்டு நிற்பேன், வேலிப் படலையில் ஆள் வந்து நிற்கும். "மிஸ், அக்கா நிக்கிறாவோ?" என்று என்னிடமே கேட்பார்கள்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. புருசன் கந்தப்பு அண்ணை அவரைவிட எட்டு வயது மூப்பு. பதினான்கு மாடுகள், கடல் முருகைக்கல்லை அடுக்கி வேலி போட்ட இரண்டு வளவு, ஒரு நல்ல தண்ணிக் கிணறு. ஒரே மகள் நிலுஜா யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. காலையில் பால் கறந்தால் பாதி தயிருக்கு, மீதி அயலுக்கு. வெறும் போத்தலோடு முதல் ஆளாக வந்து நிற்பவள் பக்கத்து வளவு இராசேஸ்வரி. பனை ஓலைப் பெட்டி இழைத்துப் பிழைக்கிறவள். மாடென்ன, அவளுக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை.

அக்கா மடி பார்க்கும் விதம் தனி. இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு கீழிருந்து நான்கு விரலால் தடவுவார். கை மடியில் இருக்கும், கண் மாட்டின் கண்ணில் இருக்கும். நான் முதன்முதலில் பக்கத்தில் நின்று பார்த்தபோது சொன்னார்.

"நோகிற மடிதான் பிள்ளை கெட்ட மடி. சூடாயிருக்கும், தொட்டா உதைக்கும். அதுக்குத்தான் ஓடுப்பட்டுத் திரியோணும். நோகாத கட்டி ஒரு மூலையிலை கிடந்திட்டுப் போகட்டும், அது ஒண்டும் செய்யாது."

மாட்டுக்கு அது பெரும்பாலும் சரி. அதனால்தான் அந்தத் தை மாதம் பொதுநோக்கு மண்டபத்தில் மாடு வளர்க்கும் பெண்களுக்கு நான் கூட்டம் வைத்தபோது, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பெருந்தன்மையாகச் சொன்னேன். "இராசாத்தியக்கா சொல்லுறது சரிதான். நோகாத கட்டிக்கு ஒருத்தரும் அவசரப்படத் தேவையில்லை." முன்வரிசையில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் மெச்சியதில் அவருக்குச் சந்தோசம் என்று நினைத்தேன்.

ஆவணியில் சோளகக் காற்று உரத்து அடித்துக்கொண்டிருந்தது. படகு ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. குசினி யன்னலில் பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றில் அக்காவின் மடி மருந்து இருக்கும். வேப்பெண்ணெயும் மஞ்சளும் கற்றாழைச் சோறும் சேர்த்துக் காய்ச்சியது. மாதக்கணக்கில் கிடக்கும் சாமான், அந்த மாதம் கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டு போனது. வீட்டில் மடி வீங்கின மாடு ஒன்றுமில்லை. அயலில் இருந்தும் ஒருவரும் வரவில்லை. எனக்குத் தெரியாமல் எங்கேயோ வைத்தியம் நடக்கிறது என்று எனக்குச் சூடு ஏறிவிட்டது.

அக்கா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். நான் குசினி வாசலில் போய் நின்றேன்.

"ஆற்றை மாட்டுக்கு அக்கா வைத்தியம் நடக்குது? எனக்கு ஒரு சொல்லுச் சொன்னாக் குறைஞ்சு போயிடுவியளோ?"

அவர் சிரித்தார். "மாட்டுக்கில்லைப் பிள்ளை. எனக்குத்தான்."

"ஏன், கை உளுக்கோ?"

அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தினார். சட்டையின் மேல் ஊசிகளைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்து இடது மார்பில், கக்கத்துப் பக்கமாக வைத்தார். ஒரு கொட்டைப்பாக்கு அளவு. கல்லு மாதிரி இருந்தது, அசைத்தால் அசையவில்லை. அதற்கு மேல் தோல் சற்று உள்ளே இழுபட்டிருந்தது.

"எப்ப இருந்து அக்கா?"

"திருவெம்பாவைக்கு விடிய முழுகேக்கை கண்டனான்."

"எட்டு மாதம்!"

"ஓம். ஆனா ஒரு சொட்டு நோவில்லைப் பிள்ளை. எனக்கும் முதல் கொஞ்சம் யோசினைதான். பிறகு நீரும் மண்டபத்திலை வைச்சுச் சொன்னீரெல்லே, நோகாட்டி அவசரமில்லையெண்டு. படிச்ச பிள்ளையே சொல்லுது எண்டு எனக்கு நிம்மதியாப் போச்சுது."

 அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது, என்மேல்தான்.

"அக்கா, நான் சொன்னது மாட்டுக்கு."

"பால் குடுக்கிறதெண்டா எல்லாம் ஒண்டுதானே பிள்ளை?"

"இல்லை அக்கா. மனிசருக்கு நோகாத கட்டிதான் முதல் காட்டவேண்டியது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறம். புட்டுக்கும் தயிருக்கும் சாட்டுச் சொல்லாதையுங்கோ."

"ஏன் நீர் இப்பிடி வெருளுறீர்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மாட்டின் கண்ணைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு சட்டை ஊசியைக் குத்தினார்.

தீவு ஆஸ்பத்திரியில் டொக்டர் தொட்டுப் பார்த்த உடனேயே கடிதம் எழுதினார். சோளகத்தில் நனைந்து நனைந்து யாழ்ப்பாணம் போனோம். படம் எடுத்தார்கள், ஊசியால் சதைத் துணுக்கு எடுத்தார்கள், வேறு ஸ்கானும் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து வந்த றிப்போட்டை நிலுஜாதான் வாங்கி வாசித்தாள். போனில் அவள் அழுத அழுகையிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. மார்பில் புற்றுநோய்.

கந்தப்பு அண்ணை அன்றைக்கு முழுக்க வெத்திலையைப் போட்டுக்கொண்டு கல்வேலியில் சரியாக இருந்த கற்களை இறக்கி மறுபடி அடுக்கினார்.

அடுத்தநாள் விடிய அக்கா பால் கறக்க வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூத்த பசு சீதேவி அக்கா கையைத் தவிர வேறு கைக்கு நிற்காது. அண்ணை குந்த, அவள் வாளியை உதைத்து ஊற்றினாள். போத்தலோடு வந்த இராசேஸ்வரி வெறும் போத்தலோடு திரும்பினாள். மனம் உடைந்துபோய்ப் படுத்திருக்கிறா என்று அண்ணை நினைத்தார், நானும்தான். ஆனால் அவர் படுத்திருக்கவில்லை. கூட்டினார், சமைத்தார். தான் தேத்தண்ணி குடிக்கிற கோப்பையையும் சாப்பாட்டுக் கோப்பையையும் மட்டும் தனியாகக் கழுவி யன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"என்னக்கா இது?"

"தொத்தினாலும் எண்டுதான் பிள்ளை." குரலைத் தணித்தார். "கறக்கேக்கை இந்தக் கையாலை மாட்டுக்குப் போய், மாட்டாலை பாலுக்குப் போய், இராசேஸ்வரியின்ரை பிள்ளையளெல்லே அதைக் குடிக்குதுகள்? எனக்கு இது வந்த ஒரு பாவமே போதும்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். என்னை அவர் நம்பவில்லை. மண்டபத்துக் கதைக்குப் பிறகு ஏன் நம்பவேண்டும்?

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். நிலுஜா லீவு எடுத்துக்கொண்டு அங்கே வந்து நின்றாள். டொக்டர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். வெளியே வாங்கில் இடமில்லாமல் ஆட்கள் இருந்தார்கள், ஆனாலும் அவர் கதிரையை இழுத்து அக்காவுக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தார்.

"என்ன வருத்தமெண்டு தெரியுமோ அம்மா?"

"பேர் தெரியும். அது என்னண்டு தெரியாது."

"சரி, சொல்லுறன். எங்கட உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கலங்களாலை ஆனது. தோல், இறைச்சி, எலும்பு எல்லாம் அதுதான். பழங்கலம் சாகும், அந்த இடத்துக்குப் புதுசு வரும். கையிலை வெட்டுக்காயம் எப்பிடி மாறுது? புதுக்கலம் பெருகி மூடுது. மூடினாப்போலை நிண்டிடும். அந்த நிக்கிறதுதான் முக்கியம்."

"நிக்காட்டி?"

"அதுதான் இந்த வருத்தம். ஒரு கலத்துக்குள்ளை இருக்கிற கட்டளை பிழைச்சுப்போச்செண்டா அது நிக்காது. ரண்டாகும், நாலாகும், எட்டாகும். சாகவேண்டிய நேரத்திலை சாகாது. அதெல்லாம் சேந்து கட்டியாகும். எல்லாக் கட்டியும் புற்றுநோயில்லை அம்மா. மாரிலை வாற பத்துக் கட்டியிலை எட்டு ஒண்டுமில்லாததுதான். இருந்த இடத்திலையே கிடக்கும். புற்றுநோய் அப்பிடிக் கிடக்காது. பக்கத்து இடத்தைப் பிடிக்கும், இரத்தத்தோடை போய் வேறை இடத்திலை குடியேறும்."

 "வேலி பாயிற மாடு" என்றார் அக்கா.

டொக்டருக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன். எங்கள் பக்கம் வேலி எல்லாம் கல்லை அடுக்கினது. ஒரு மாடு பாயப் பழகிவிட்டால் ஒரு வளவோடு நிற்காது.

"முதல் பாயிறது பக்கத்து வளவுக்குத்தான்" என்றார் அக்கா. "அதிலை வைச்சுப் பிடிச்சாச் சரி. தெற்கு மேய்ச்சல் வெளிக்குப் போட்டுதெண்டா ஆராலும் பிடிக்க ஏலாது."

"நான் இனி எல்லாருக்கும் இதைத்தான் சொல்லப்போறன்" என்று டொக்டர் சிரித்தார். "உங்கட மாடு பக்கத்து வளவிலைதான் நிக்குது. கக்கத்துக்குள்ளை ஒரு நெறி வீங்கித் தட்டுப்படுது. ஈரல், நுரையீரல், எலும்பு ஒண்டிலையும் இல்லை. ரண்டாம் நிலை எண்டு சொல்லுவம். மாத்தப் பாக்கலாம், மாறி நல்லா இருக்கிறவை கனபேர். முதல் ஒப்பரேசன் செய்து எடுக்கிறது. பிறகு கண்ணுக்குத் தெரியாமல் எங்கையும் ஒண்டு ரண்டு கலம் ஒளிச்சிருந்தா அதைக் கொல்ல மருந்து ஏத்திறது. கடைசியிலை அந்த இடத்துக்குக் கதிர்ச் சிகிச்சை."

"எனக்கு ஏன் வந்தது டொக்டர்? நான் ஆருக்கு என்ன செய்தனான்?" அதுவரை உறுதியாக இருந்த குரல் அந்த இடத்தில் உடைந்தது. நிலுஜா அம்மாவின் முதுகில் கையை வைத்தாள்.

"பாவம் புண்ணியத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை அம்மா. வயது போகப்போகக் கட்டளை பிழைக்கிறது கூட. கொஞ்சப்பேருக்குப் பரம்பரை, அதாலை மகளும் ஒருக்காக் காட்டுறது நல்லது. வாய், தொண்டையிலை வாறதுக்குப் புகையிலையும் வெத்திலையும் பெரிய காரணம்." டொக்டரின் பார்வை கந்தப்பு அண்ணையின் சிவந்த வாயில் போய் நின்றது. அண்ணை டக்கென்று வாயை மூடிக்கொண்டார். "உங்களுக்கு ஏனெண்டு கேட்டா, இதாலைதான் எண்டு காட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது."

"நோகேல்லையே டொக்டர். நோந்திருந்தா அண்டைக்கே வந்திருப்பன்."

"தொடக்கத்திலை கனதரம் நோகாது. அதுதான் இதின்ரை கள்ளத்தனம். நோகட்டும் எண்டு பாத்திருந்தாப் பிந்திப்போம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதது எனக்குப் பெரிய உபகாரம்.

"வேறை என்ன கேக்கோணும்?"

அக்கா சீலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "நான் பால் கறக்கலாமோ?"

"ஒப்பரேசன் செய்து கொஞ்ச நாளைக்குக் கையைப் பாவிக்கேலாது, பிறகு..."

"அதில்லை டொக்டர். இது மாட்டுக்குப் போகுமோ? பாலுக்கு? பிள்ளையள் குடிக்கிற பால்."

 டொக்டர் அக்காவின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "இது தொத்திற வருத்தம் இல்லை அம்மா. தொட்டாலும் வராது, ஒரு கோப்பையிலை திண்டாலும் வராது. நான் ஒரு நாளைக்கு அறுபது பேரைத் தொடுறன். நாளைக்கு விடிய எழும்பிப் போய்க் கறவுங்கோ."

ஒப்பரேசனுக்கு இரண்டு கிழமையில் வரும் புதன்கிழமையைத் தந்தார்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர மூன்று மணி. கடல் வெள்ளையாய் உடைத்துக்கொண்டிருந்தது, படகு பிந்தும் என்றார்கள். தேத்தண்ணிக் கடையின் தகரம் காற்றில் படபடத்தது. அண்ணை எங்களுக்கு வடை வாங்கித் தந்துவிட்டுத் தான் ஒன்றும் தின்னாமல் நின்றார். பிறகு வெடித்தார்.

"ஒப்பரேசன் வேண்டாம்."

"என்ன அண்ணை கதைக்கிறியள்?" என்றேன்.

"மிஸ், நீங்கள் படிச்சனீங்கள், எனக்குக் கண்டது தெரியும். கத்தி பட்டா இது பரவும். எங்கட கறுவலை மறந்து போனீரோ இராசாத்தி? என்ன மாதிரி நாம்பன் மாடு! கண்ணோரத்திலை ஒரு சதை. வெட்டுவிச்சம். வெட்டி ரண்டு மாதத்திலை தாடை வீங்கி, மூச்சு விடேலாமல்... என்ரை மடியிலை தலையை வைச்சுத்தான் செத்தது. நான் ஒருக்கா வெட்டக் குடுத்திட்டன். இனியும் குடுக்க மாட்டன்." அவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார். அந்த மனிதர் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

 அக்கா வடையைக் கடதாசியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"இஞ்சேருங்கோ, கறுவலின்ரை கண்ணிலை சதை எப்ப தெரிஞ்சது?"

"எப்பவோ."

"எப்பவோ இல்லை. சொல்லுங்கோ."

"சித்திரையிலை."

"வெட்டினது?"

அண்ணை கடலைப் பார்த்தார். "அடுத்த வருசம் ஆடி."

"பதினைஞ்சு மாதம். ஏன் அவ்வளவு நாள் வைச்சிருந்தனாங்கள்?"

"அது ஒரு நோவும் காட்டேல்லை. புல்லுத் திண்டது, வண்டில் இழுத்தது. நீர்தானே சொன்னனீர், நோகாட்டி..."

அவர் பாதியில் நிறுத்திவிட்டார். 

"ஓம், நான்தான் சொன்னனான்" என்றார் அக்கா. "கத்தி கொல்லேல்லை. நாங்கள்தான் பாத்துக்கொண்டிருந்தனாங்கள். அது நாலு வேலி பாய்ஞ்ச பிறகெல்லே வெட்டக் குடுத்தனாங்கள்? எட்டு மாதம் என்னை நானும் பாத்துக்கொண்டிருந்திட்டன். இனி நீங்களும் பாத்துக்கொண்டிருக்கப் போறியளோ?"

அண்ணை எழும்பிப் போய் இறங்குதுறை விளிம்பில் வாயிலிருந்த வெத்திலையைத் துப்பினார். மடியிலிருந்த வெத்திலைப் பையையும் எடுத்துப் பார்த்தார். அதை எறியவில்லை, திரும்ப வைத்துக்கொண்டார். ஒரே நாளில் எல்லாம் நடந்துவிடாதுதானே.

படகு வந்தது. ஏறும்போது கைகொடுத்த படகோட்டி அன்ரனிதாஸிடம் அண்ணை கேட்டார். "தம்பி, இந்தப் புதன் விட்டு அடுத்த புதனுக்கு முதல்நாள் கடல் எப்பிடி இருக்கும்?"

"இப்பவே எப்பிடி அண்ணை சொல்லுறது? ஏன்?"

"என்ரை மனிசிக்குக் கான்சர். ஒப்பரேசன். என்ன காத்தெண்டாலும் போகவேணும்."

படகு முழுக்கக் கேட்டது. எங்கள் தீவில் இந்த வருத்தத்தின் பெயரைக் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்வார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் குனிந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததை நான் கண்டேன்.

"ஓடாட்டியும் ஓடுவன் அண்ணை" என்றான் அன்ரனிதாஸ்.

அடுத்தநாள் விடிய சீதேவியின் கீழ் அக்கா குந்தியிருந்தார். இராசேஸ்வரியின் போத்தல் வாய்முட்ட நிறைந்தது.

ஒப்பரேசனில் இடது மார்பு முழுவதையும் கக்கத்து நெறிகளையும் எடுத்தார்கள். முதன்முதல் கட்டு மாற்றியபோது அக்கா குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதார். "நிலுஜா குடிச்சது பிள்ளை" என்றார். நானும் கூடவிருந்து அழுதேன். மாரி முழுக்க வேலணையில் சொந்தக்காரர் வீட்டில் அக்காவைத் தங்கவைத்து, மூன்று கிழமைக்கு ஒருக்கால் மருந்து ஏற்றினார்கள். ஏற்றி இரண்டாம் நாள் தண்ணி குடித்தாலும் சத்தியாய் வெளியே வந்துவிடும். வாய் முழுக்கப் புண். பதமாகக் காய்ச்சின அரிசிக்கஞ்சியும் ஒரு துண்டு பனங்கட்டியும்தான் இறங்கியது. தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது, "பேன் பாக்கிற வேலை மிச்சம்" என்று எனக்குப் போனில் சொன்னார். பிறகு கதிர்ச் சிகிச்சை.

இந்தப் பக்கம் அண்ணை பால் கறக்கப் பழகினார். பழகின விதத்தைச் சொல்லாமல் விடமுடியாது. பத்துநாள் உதை வாங்கிய பிறகு, அக்காவின் பழஞ்சீலை ஒன்றை எடுத்து மேலுக்குப் போர்த்திக்கொண்டு போய்க் குந்தினார். சீதேவி திரும்பி மணந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றாள். அறுபத்தொரு வயது மனிதர், பச்சையில் மஞ்சள் பூப்போட்ட சீலையோடு மாட்டின் கீழ். இராசேஸ்வரி போத்தலை வாங்கிக்கொண்டு வேலிக்கு அங்கால் போய்த்தான் சிரிப்பாள்.

சித்திரை கழிய அக்கா வந்தார். தலையில் ஒரு விரற்கடை மயிர், பாதி நரை. தினமும் ஒரு குளிசை போடவேண்டும், அது பல வருசத்துக்கு. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் போய்க் காட்டவேண்டும். இடது கையால் பாரம் தூக்கக்கூடாது. வருவதற்கு முன் காட்டியபோது எல்லாம் துப்பரவு என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் வராது என்று டொக்டர் எழுதித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கந்தப்பு அண்ணையும் ஒருநாள் டொக்டரிடம் வாயைக் காட்டிவிட்டு வந்தார். வெத்திலை தொடர்ந்தது, புகையிலை நின்றது.

வைகாசியில் ஒரு விடியல். காற்று மாறத் தொடங்கியிருந்தது. அக்கா வலக்கையால் கறக்க, பக்கத்தில் குந்தியிருந்து அண்ணை மற்றப் பக்கம் கறந்தார். இராசேஸ்வரி பால் வாங்கினாள். வாங்கியும் போகவில்லை. போத்தலை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள்.

"என்னடி, தயிரும் வேணுமோ?" என்றார் அக்கா.

"இல்லையக்கா. உங்கட அந்த மடி மருந்து கொஞ்சம் இருந்தாத் தாறியளோ? ஒரு கரண்டி காணும்."

அக்கா எழும்பிப்போய் யன்னலில் இருந்த ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்தார்.

"உன்னட்டை எங்கையடி மாடு?" என்று அண்ணை சீதேவியின் வயிற்றுக்குக் கீழிருந்து கேட்டார்.

மூடியைத் திறந்துகொண்டிருந்த அக்காவின் கை நின்றது. இராசேஸ்வரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா மூடியை இறுக்கிப் போத்தலைத் திரும்ப யன்னலில் வைத்தார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கினார்.

"உள்ளை வா."

குசினிக் கதவை அக்கா சாத்தவில்லை, திரைச்சீலையை மட்டும் இழுத்துவிட்டார். நான் வெளியே பல் விளக்குகிற வேப்பங்குச்சியோடு அசையாமல் நின்றேன்.  அக்காவின் கண் இப்போது அவள் கண்ணில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"எத்தினை நாள்?"

"பத்து நாள் இருக்கும் அக்கா. நீங்கள் வந்த பிறகுதான் தடவிப் பாத்தனான்."

"பயப்பிடாதை. பத்திலை எட்டு ஒண்டுமில்லாதது. நோகுதோ?"

"இல்லையக்கா. ஒரு சொட்டும் நோகேல்லை."

"அப்ப நாளைக்கு முதல் படகிலை போறம்" என்றார் இராசாத்தியக்கா. "நானும் வாறன்."